காலியானால் மடிகிற பை

கண்ணாடி அரை பாட்டில், காலியாக, முந்நூற்று எழுபது கிராம். பின்பாக்கெட்டில் வளைந்து உட்காருமே, அந்த ஸ்டீல் பிளாஸ்க் நூற்று முப்பது. டைட்டானியம் என்று வெளிநாட்டிலிருந்து ஒன்று வருகிறது, எழுபத்தெட்டு. இந்த எடையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் சரக்கு ஒரு சொட்டுகூட நான் குடித்ததில்லை.

பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையில் நடக்கிறவர்களுக்கு இந்தப் பைத்தியம் புரியும். மூன்று நாளுக்கான வீடு, படுக்கை, அடுப்பு, சாப்பாடு எல்லாம் தோளில் தொங்கும்போது ஒவ்வொரு கிராமும் வாய் திறந்து பேசும். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக வெட்டிவிடுவோம். டீ-ஷர்ட்டின் உள்கழுத்து லேபிளைக்கூடக் கத்தரித்துவிடுவோம். எங்கள் கூட்டத்தில் இதில் முற்றிப்போன கேஸ் கடைக்காரர்தான். நடைச் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறார், நாங்கள் கூப்பிடுவது 'கிராம் அண்ணன்'. எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "நாப்பத்திரெண்டு" என்பார். தராசில் நாற்பத்து மூன்று காட்டினால் அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிப்போகும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாள் முழுக்க நடந்து கூடாரம் போட்டு முடித்ததும் இரண்டு மூடி சரக்கு. அதற்கு மேல் கிடையாது. அந்த இரண்டு மூடியை எதில் கொண்டுபோவது என்பதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய கேள்வி.

"கண்ணாடின்னா கனம். பிளாஸ்க்குன்னா குடிச்சு முடிச்ச பிறகும் அதே எடம் அடைச்சுக்குது," என்று ஒருநாள் கடையில் புலம்பினார். "எனக்கு வேண்டியது என்ன தெரியுமா? காலியானா மடியணும். சாக்ஸ் மாதிரி சுருட்டி ஓரத்துல சொருகணும். அப்படி ஒண்ண யாராவது செஞ்சு குடுத்தா ரெண்டாயிரம் பீஸ் நானே எடுத்துக்கறேன். கேக்கற ஆளுங்க அவ்ளோ பேர் இருக்காங்க."

யோசிக்காமல் வாயைத் திறப்பது என் பரம்பரைச் சொத்து. "எங்க அக்கா செய்வா அண்ணே," என்றேன்.

"அக்கா என்ன செய்றாங்க?"

"பை."

அக்கா செய்வது மூக்கு வைத்த பை. ஜூஸ் ஊற்றி, மூக்கில் மூடி போட்டுக் கொடுப்பார்களே, அது. மாடியில் ஒற்றை அறை. காலால் மிதித்து ஓட்டுகிற இரண்டு சீலிங் மிஷின், ஒரு நீள மேஜை, மூலையில் ஆளுயரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட் ரோல்கள். மிதித்தால் சூடான பல் இரண்டும் ஷீட்டைக் கவ்வி ஒட்டிவிடும். ஒரு காலத்தில் ஐந்து பேர் வேலை செய்தார்கள். பிறகு ஜூஸ் கடைகளெல்லாம் கப்புக்கு மாறின. ஐந்து மூன்றாகி, மூன்று ஒன்றாகி, ரோல்களும் ஒன்றே ஒன்றாகி, இப்போது கூலிக்கு என்று மிஞ்சியவள் காத்தக்கா மட்டும்தான். காத்தக்காவின் வேலை ஒட்டின பையை வாயால் ஊதி, மூடி, கன்னத்தில் அழுத்திப் பார்ப்பது. ஊசி முனை அளவு ஓட்டையிருந்தாலும் கன்னத்தில் காற்று படும். ஒரு நாளைக்கு எண்ணூறு பை ஊதுவாள். "என் மூச்சுதான்டி ஊர்ல பாதிப்பேர் ஜூஸ்ல கலந்திருக்கு," என்பாள்.

இந்த மாதக் கடைசிக்குள் புது ஆர்டர் வராவிட்டால் அறையைக் காலி செய்துவிடுவதாக, அதை வாடகைக்கு விட்டவரிடம் அக்கா சொல்லிவிட்டாள். பதினோரு வருடம் அவள் நின்ற இடம். அவளுக்கு வேறு வேலை தெரியாது. அதனால் நான் கடையிலிருந்து ஓடிப்போய் "ரெண்டாயிரம் பை" என்று மூச்சிரைக்கச் சொன்னபோது, அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"எதுக்கான பை?"

நான் வாய் திறப்பதற்குள் மிஷினுக்கு அந்தப் பக்கம் மாமா நிற்பதைக் காட்டிக் கண்ணால் அடக்கினாள். மாமா அக்காவின் கணவர். கட்டு கட்டுவது, ரோல் தூக்கி மாட்டுவது எல்லாம் அவர் வேலை. அவர் குடியை நிறுத்தி ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லை உச்சரிப்பதில்லை. டிவியில் யாராவது கிளாஸைத் தூக்கினால் அக்கா சேனலை மாற்றிவிடுவாள். பஸ்ஸில் வந்தால்கூடச் சரக்குக் கடை இருக்கிற தெருவுக்கு முந்தின ஸ்டாப்பில் அவரை இறக்கிவிடுவாள்.

"ஜூஸ்," என்றேன். "மலைக்குக் கொண்டு போறதுக்கு."

"மலைக்கு ஜூஸா?" என்றார் மாமா.

"எலுமிச்சை ஜூஸ்," என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பாமல். "நடக்கும்போது தாகம் எடுக்கும்ல."

மாமா லேசாகச் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் மாதிரிப் பை இருபத்தாறு கிராம். ஓரத்தைக் கத்தரித்து, மூக்கைக் குட்டையாக்கி, பதினாறுக்குக் கொண்டுவந்தோம். கிராம் அண்ணன் கையில் வாங்கி, "பதினேழு," என்றார். தராசு பதினாறு காட்டியது. அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது கசிவு. சரக்கை ஊற்றி ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் மாமா நடமாடுகிற அறைக்குள் சரக்கை எப்படிக் கொண்டுவருவது?

"வேற எங்கயாவது வெச்சுப் பாக்கலாமா?" என்று அக்காவிடம் கிசுகிசுத்தேன்.

"எங்க வெப்ப? உன் ஹாஸ்டல்லயா? வார்டன் உன்னத் தொங்கவிட்டுடும். தண்ணியும் அதுவும் ஒண்ணுதான, ஓட்டையிருந்தா ரெண்டும் ஒழுகப்போகுது. இங்க் கலந்து தொங்கவிடு, ஒழுகினா நல்லாத் தெரியும்."

அப்படித்தான் செய்தோம். துணி காயப்போடுகிற கயிற்றை அறைக்குக் குறுக்கே கட்டி, பத்துப் பைகளில் நீல இங்க் கலந்த தண்ணீரை ஊற்றித் தலைகீழாக கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். கீழே செய்தித்தாள் விரித்தோம். ஏழு நாள். தாளில் ஒரு நீலப் புள்ளிகூட விழவில்லை. காத்தக்கா தினமும் காலையில் குனிந்து பார்த்து, "பரீட்சை பேப்பர் வெள்ளையாவே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போவாள். மாமாவும் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பார்.

"ஒரு வாரம் ஊத்தி வெச்சுப் பாத்தீங்களா?" என்று கிராம் அண்ணன் கேட்டார்.

"பாத்தோம்ணே. ஒரு சொட்டு இல்ல."

எதை ஊற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சரி. வர்ற வெள்ளிக்கெழம மூணு நாள் நடை இருக்கு. ரெண்டு பை கொண்டு வா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு நீ தூக்கிட்டு வா. ரெண்டும் ஒழுங்கா எறங்கி வந்தா திங்கக்கெழமையே ஆர்டர் எழுதிடறேன். ஆனா புதன் காலையில சரக்கு, அதாவது பை, என் கையில இருக்கணும். சீசன் ஆரம்பிச்சுடும்."

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கடைப் பின்னறையில் இரண்டு பைகளையும் நிரப்பினோம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏறினோம். கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள், எனக்கு ஒருவர் முகமும் ஞாபகமில்லை. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பையை இறக்கி, கையை உள்ளே விட்டு, அந்தச் சின்னப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். காய்ந்து இருந்தது. வயிறு நிறைந்த குழந்தை மாதிரி கொழுகொழுவென்று, காய்ந்து இருந்தது. சாயங்காலம் மேட்டில் கூடாரம் போட்டதும் கிராம் அண்ணன் இரண்டு மூடி ஊற்றிக்கொண்டார். மிச்சமிருந்த காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடினார். பை அவர் சொன்ன மாதிரியே கொஞ்சம் மடிந்தது. "அடடா," என்றார்.

அந்த மேட்டில் மட்டும் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நாள் பூரா தூக்கிட்டு நடந்தாச்சு. ஒரு சொட்டு வரல. அண்ணன் வாயெல்லாம் பல்லு."

"நெஜமாவா?"

"நீ ஷீட்ட வெட்ட ஆரம்பிச்சுடு. புதனுக்குள்ள ரெண்டாயிரம்னா இப்ப ஆரம்பிச்சாதான் முடியும்."

"மூணு நாள் முடியட்டுமேடி. இருக்கறது ஒரே ரோலு. ஒரு தடவ அந்தச் சைஸுல வெட்டிட்டா வேற எதுக்கும் ஆகாது."

"ஐயோ, என்னை நம்பு அக்கா. நான்தான கையில வெச்சிருக்கேன்."

கடைசியில் அவள், "சரிடி," என்றாள். அந்த 'சரிடி'யில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதை நான் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இரண்டாம் நாளும் பை காய்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் என்னை எழுப்பியது வாசனை. ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் தடவுவார்களே, அதில் யாரோ சர்க்கரையைக் கருக்கிப் போட்ட மாதிரி. படுக்கைப் பையின் கால் பக்கம் நனைந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் பை சப்பிப்போய்க் கிடந்தது. மூக்கு ஒட்டியிருந்த இடத்தில் ஷீட் வெயிலில் உரிந்த தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. கன்னத்தில் வைத்து ஊதிப் பார்க்கத் தேவையே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது.

கிராம் அண்ணன் கூடாரத்துக்கு வெளியே தன் குளிர் ஜாக்கெட்டைப் பாறைமேல் விரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பையும் போயிருந்தது. அடியில் மிஞ்சியதை மூடியில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"புதுச் செருப்பு வாசன," என்றார்.

"அண்ணே, மூக்குகிட்டதான் விட்டிருக்கு. அத மட்டும் சரி பண்ணிட்டா..."

"ஷீட்டே பிரிஞ்சிருக்கேம்மா." அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வாரம் ஊத்தி வெச்சுப் பாத்தோம்னியே, எத ஊத்தின?"

"தண்ணி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு தன் பெரிய பையின் பக்கவாட்டு வலைப்பையிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்தார். கடைகளில் குடித்துவிட்டுத் தூக்கிப்போடுவார்களே, குட்டி பிளாஸ்டிக் பாட்டில், அது. காலி இல்லை. அடியில் நான்கைந்து மூடி சரக்கு இருந்தது.

"இது இருபது கிராம்," என்றார். "பதினஞ்சு வருஷமா இதுலதான் கொண்டு வர்றேன். மிதிச்சாலும் ஒழுகாது. கேஸ் அழுத்தத்தயே தாங்கற பாட்டிலு, இதத் தாங்காதா?"

"அப்பறம் எதுக்குண்ணே பை கேட்டீங்க?"

"விக்கறதுக்குதான். காலி பாட்டில யார் தலையில கட்றது?"

எனக்குத் தெரியாத விஷயமில்லை அது. என் பெரிய பையின் இரண்டு பக்கத்திலும் தண்ணீருக்கு நானே அப்படித்தான் இரண்டு காலி பாட்டில்கள் சொருகிவைத்திருந்தேன். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். பதினாறு கிராம் பதினாறு கிராம் என்று துள்ளியபோது ஒருநாள்கூட நான் திரும்பி என் முதுகைப் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் சிக்னல் இல்லை. இறங்க ஐந்து மணி நேரம். நான் கூட்டத்தை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக மூன்றரை மணி நேரத்தில் இறங்கினேன். பஸ் ஸ்டாப்பில் போன் உயிர்பெற்றதும் கூப்பிட்டேன். ரிங் போனது. மிஷின் ஓடும்போது அக்காவுக்குப் போன் கேட்காது. ஏழு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ரிங் போய் நின்றபோது, அவள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

மதியம் மூன்று மணிக்கு மாடி ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் ராத்திரியும் பகலுமாக ஓடிய இரண்டு மிஷினும் சூடாக இருந்தன. மூலையில் ரோல் இருந்த இடத்தில் அட்டைக் குழாய் மட்டும் நின்றது. மேஜை முழுக்கப் பை. தரையில் கட்டுக் கட்டாகப் பை. காத்தக்கா காலை நீட்டி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். மாமா கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டடி வந்தாள். அப்படியே நின்றாள். மூக்கு விடைத்தது.

"குடிச்சியாடி?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அது சின்னக் குற்றம். அடித்துவிட்டு மன்னித்துவிடுவாள்.

"இல்லக்கா," என்றேன். "கொட்டிடுச்சு."

காத்தக்கா வாயிலிருந்து பையை எடுத்தாள். நான் அந்தச் சப்பிப்போன பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அறைக்குள் மாமா இருக்கிறார், வாசனை அவர்வரை போய்விட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. அக்கா பையைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தாள். மாமா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, வந்து, உரிந்த இடத்தை விரலால் தடவினார்.

"மூணாவது நாள்," என்றார்.

"என்னது?"

"மூணாவது நாள்தான் விடும். மொத ரெண்டு நாள் கல்லு மாதிரி இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" அக்காவின் குரல் ரொம்ப மெல்லியதாக இருந்தது.

"உன் பையிலதான் ஒளிச்சு வெப்பேன்," என்றார் மாமா. "அந்த மேல் ஷெல்ஃப்ல, ஜூஸ் பைக் கட்டுக்கு நடுவுல. பாட்டில்னா சத்தம் வரும். இது மடிஞ்சுக்கும். மூணாம் நாள் ஒழுகும்னு தெரிஞ்சதால ரெண்டு நாள்ல முடிச்சுடுவேன்."

காத்தக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள், அந்தப் பையிலேயே ஊதினது போல.

"சொல்லியிருக்கலாம்ல மாமா," என்றேன். என்னால் தாங்க முடியவில்லை. "இங்க் தண்ணி தொங்கறத தெனம் பாத்தீங்கல்ல."

"எலுமிச்ச ஜூஸ்னு சொன்னீங்க. மலைக்கு யாரு ஜூஸ் கொண்டு போறாங்கன்னு எனக்குத் தெரியாதா?" அவர் அக்காவிடம்தான் பேசினார். "அத ஊத்தி வேற எங்கயாவது வெச்சுப் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். நானா வாயத் தொறந்து கேட்டா, இவனுக்கு மறுபடி ஞாபகம் வந்துடுச்சுன்னு உன் முகம் ஒரு மாதிரி ஆகும். அந்த முகத்துக்குத்தான் பயந்தேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எத்தனை என்று எண்ணுகிறாள் என்று நினைத்தேன், எண்ணவில்லை. சும்மா பார்த்தாள்.

"தண்ணி நிக்குதுல்ல," என்றாள் கடைசியாக. "தண்ணிக்குன்னு விக்கலாமாடி? அவங்க கடையில?"

நான் தலையாட்டியிருக்கலாம். இரண்டு நாளைக்கு அவள் தூங்கியிருப்பாள். ஆனால் நான் கொடுத்த நம்பிக்கையால்தான் ரோல் முழுக்க வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"வாங்க மாட்டாங்கக்கா. எல்லாரும் காலி பாட்டில்லதான் கொண்டு போறாங்க. நானும்தான்."

"நீயுமா?"

"நானும்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "போய்க் குளிடி, நாறுது," என்றாள். பிறகு, "காத்தக்கா, போதும்," என்றாள்.

"இன்னும் நாப்பதுதான் இருக்கு. அத மட்டும் எதுக்கு விடணும்?"

"போதும்க்கா. மூச்ச மிச்சம் பிடி."

காத்தக்கா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கையிலிருந்த பையை மற்ற பைகளோடு நேராக அடுக்கிவைத்துவிட்டு, மூலையில் முகம் கழுவப் போனாள். மாமா ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போனை எடுத்து, அதில் என்னுடைய ஏழு தவறிய அழைப்புகளைப் பார்த்தாள். வேறு ஒரு நம்பரைத் தேடிப் போட்டாள்.

"அண்ணே, பழைய மிஷின் எடுப்பீங்கன்னு சொன்னாங்க... ஆமா, மிதி மிஷின்தான். ரெண்டு... பதினோரு வருஷம்... இல்லண்ணே, துரு எல்லாம் இல்ல. தெனம் தொடச்சு வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கத்துக் குரல் ஏதோ கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஓடுதான்னு கேக்கறாரு," என்றாள். போனை மிஷினின் பல்லுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

நான் மேஜையிலிருந்து ஒட்டாத பை ஒன்றை எடுத்து, நடுவில் நேராக வைத்து, மிதித்தேன். பல் கவ்வியது. சூடான பிளாஸ்டிக் சீறியது. காலை எடுத்தேன்.

"இன்னொரு தடவ," என்றது போன்.

இன்னொரு பையை எடுத்து வைத்து மிதித்தேன்.